மழையை மண்ணில் சேர்த்து மீண்டும் எடுக்க: கொழும்பில் அனுமதி பெறும் முறை

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் விழுந்தால் ஒரு லீற்றர். 1,000 சதுர அடிக் கூரைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்தில் ஒரு பங்கு சிந்திப் போனாலும் ஆண்டுக்கு 178 கன மீற்றர் தேறும். தண்ணீர்க் கட்டணப் பட்டியலின் கணக்கில் அது 178 யூனிட். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தத் தண்ணீரில் பெரும்பகுதி பீலியால் இறங்கி, வடிகானில் விழுந்து, கடலுக்குப் போய்விடுகிறது. மழையில்லாத பெப்ரவரியில் குழாய் மெலிந்தால் அதே வீட்டார் பவுசருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள்.

அந்த மழையை நிலத்துக்குள் இறக்கி வைத்து, வேண்டிய காலத்தில் கிணற்றாலோ குழாய்க்கிணற்றாலோ எடுப்பதற்கு யாரிடம் என்ன அனுமதி பெற வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தனி வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். ஆனால் தொடர்மாடிகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே அதிகம் எழுதுகிறேன். கூரை பெரியது, ஆட்கள் அதிகம், குழாய்க்கிணறு துளைக்கும் ஆசையும் அங்கேதான் அதிகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். "சேமித்து மீட்டெடுத்தல்" என்று ஒரே படிவம் இலங்கையில் இல்லை. சேமிக்கும் பக்கம் கட்டட அனுமதியோடு சேர்ந்தது. அதை நகர அபிவிருத்தி அதிகார சபையும் மாநகர சபையும் பார்க்கின்றன. எடுக்கும் பக்கம் நீர்வளச் சபையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் சுகாதாரப் பகுதியும், தாழ்நிலமாக இருந்தால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனமும் வருகின்றன. பலர் இவற்றைத் தனித்தனி வேலையாக எடுத்து, தனித்தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். என் உறுதியான கருத்து இது: தொடக்கத்திலேயே ஒரே கோப்பு திறவுங்கள். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்ற இரண்டு எண்களும் அதன் முதற்பக்கத்தில் இருக்கட்டும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தப் பக்கம் முன்னால் போகட்டும்.

அரிசோனா கேட்கும் கேள்விகள்

இந்தத் துறையில் மிக ஒழுங்கான சட்டம் உள்ள இடங்களில் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். 1980இல் நிலத்தடி நீர் முகாமைத்துவச் சட்டமும் 1994இல் நிலத்தடிச் சேமிப்புக்கென்றே விரிவான சட்டமும் அங்கே வந்தன. மூன்று அனுமதிகள் தனித்தனியே தேவை: சேமிக்கும் இடத்துக்கு ஒன்று, சேமிக்கப்படும் தண்ணீருக்கு ஒன்று, மீட்டெடுக்கும் கிணற்றுக்கு ஒன்று. சேமித்த தண்ணீரை நீண்டகாலக் கணக்கில் வைத்தால், பெரும்பாலும் அதில் 5 சதவீதம் நிலத்துக்கே விடப்படுகிறது. மீதி சேமித்தவர் பெயரில் வரவாகிறது. சீட்டுக் கட்டியவர் தன் முறை வரும்போது எடுப்பது போன்ற ஏற்பாடு.

கொழும்பில் அந்த வரவுக் கணக்கு இல்லை. நீங்கள் நூறு யூனிட் மழையை மண்ணில் இறக்கினீர்கள் என்பதால் நூறு யூனிட் எடுக்கும் உரிமை வந்துவிடாது. எடுப்பதற்குத் தனியாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் அரிசோனாவில் விண்ணப்பதாரரிடம் கேட்கும் கேள்விகள் எந்த ஊருக்கும் பொருந்தும். இதைக் கட்டிப் பராமரிக்கும் தொழில்நுட்பத் தகுதி உங்களிடம் இருக்கிறதா? பணம் இருக்கிறதா? அந்த நிலம் தண்ணீரை ஏற்குமா? அயலார் நிலத்துக்கோ கிணற்றுக்கோ தீங்கு வருமா? உள்ளே விடும் தண்ணீர் நிலத்தடி நீரைக் கெடுக்குமா? இந்த ஐந்துக்கும் விடையெழுதிவிட்டுப் போகும் விண்ணப்பதாரரை இங்கேயும் எந்த உத்தியோகத்தரும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

படி 1: கிணற்றை அளந்து எழுதுங்கள்

படிவம் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். கொழும்பின் பழைய வளவுகள் பலவற்றில் இன்னும் கிணறு இருக்கிறது. தொடர்மாடி எழுந்த இடத்தில் வாகனத் தரிப்பிடத்துக் கொங்கிறீற் மூடியின் கீழே மறைந்திருக்கும். அந்த மூடியைத் திறக்கச் செய்யுங்கள். அளவு நாடாவின் முனையில் கனமான இரும்பு நட் ஒன்றைக் கட்டி, கடைசி இரண்டு மீற்றருக்கு வெண்கட்டி தேய்த்து, மெதுவாக இறக்குங்கள். கிணற்று விளிம்பில் நிறப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்தே அளக்க வேண்டும். நாடாவை மேலே எடுத்ததும் வெண்கட்டி நனைந்து கருத்த இடம் பளிச்சென்று தெரியும். விளிம்பில் நின்ற அளவிலிருந்து அந்த அளவைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைக்கும். திகதி, நேரம், அன்று மோட்டார் ஓடியதா, முந்திய இரவு மழை பெய்ததா என்பவற்றையும் எழுதுங்கள்.

வாரம் ஒருமுறை போதும். ஆனால் ஜனவரி, பெப்ரவரி வரட்சியும், மே மாதத் தென்மேற்குப் பருவ மழையும், ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும் அந்தக் கொப்பியில் அடங்க வேண்டும். அவசரமாகத் துளைக்க நினைப்பவருக்கு இது நீண்ட காத்திருப்பாகத் தோன்றலாம். இருந்தாலும் சொல்கிறேன்: அளந்து எழுதிய ஒரு கொப்பி, ஆலோசகர் தரும் அழகான அறிக்கையை விட வலுவான சான்று. வேறு எவராலும் அதைப் பின்னோக்கித் தயாரிக்க முடியாது.

கிணறு இல்லாத வளவாக இருந்தால், பக்கத்து வீட்டில் கேளுங்கள். நாளைக்கு உங்கள் விண்ணப்பத்துக்கு எதிர்ப்புத் தெரிவிக்கக்கூடியவரும் அவர்தான். ஆகவே இப்போதே அவரையும் அளவெடுப்பில் சேர்த்துக்கொள்வது இரட்டிப்பு நன்மை.

படி 2: நிலம் ஏற்குமா என்று பாருங்கள்

கொழும்பின் நிலம் ஒரே மாதிரியானதல்ல. மேட்டுப் பகுதிகளில் கபொக் எனப்படும் செம்பூரான் கல் இருக்கிறது. இலங்கையின் தென்மேற்கில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஆழமற்ற நீர்தாங்கிப் படையாக இருப்பது அதுதான். அதன் துளைகளூடே தண்ணீர் நன்றாக இறங்கும். அதற்கும் கீழே கடும்பாறை. அங்கே வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர் நிற்கும். கால்வாய்களையும் சதுப்புகளையும் ஒட்டிய தாழ்நிலத்திலோ இலைதழை மட்கிய முற்றா நிலக்கரிப் படையும் களியும். மழைக்காலத்தில் அங்கே இரண்டடி தோண்டினாலே தண்ணீர் தெரியும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் நிலத்துக்குள் மேலும் தண்ணீரை இறக்க முயல்வது வீண் செலவு. அப்படிப்பட்ட வளவில் மண்ணில் சேமிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, மூடிய தாங்கியில் சேமியுங்கள்.

சோதனை எளிது. மழையை மண்ணில் இறக்கும் ஊறல் குழி வரவிருக்கும் இடத்தில் ஓர் அடிச் சதுரமாக, எண்ணியிருக்கும் ஆழத்துக்குத் தோண்டி, முதல் நாள் தண்ணீர் நிரப்பி மண்ணை ஊற விடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, அரை மணிக்கு ஒருமுறை எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று குறியுங்கள். இறங்கும் வேகம் மாறாமல் நிலைக்கும் வரை தொடர வேண்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு மீற்றராவது வரண்ட மண் இருக்கட்டும். கூரை அழுக்கை வடிகட்டுவது அந்த மண்தான். பழைய மலசலகூடக் குழியோ கழிவுநீர்க் குழாயோ எங்கே போகிறது என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். சுகாதாரப் பரிசோதகர் கண் முதலில் போகும் இடம் அது.

படி 3: யார் பெயரில் விண்ணப்பிப்பது

தனி வீடென்றால் உறுதி, நில அளவைப் படம், வரிமதிப்பீட்டு இலக்கம், தேசிய அடையாள அட்டைப் பிரதி போதும்.

தொடர்மாடியில் நிலமும் கூரையும் பொதுக்கூறுகள். மூன்றாம் மாடியில் இருப்பவர் தன் பெயரில் குழாய்க்கிணறு கேட்க முடியாது. வீட்டு உரிமையாளர் எல்லாரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனம் கூட்டம் கூடித் தீர்மானம் எடுத்து, தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். தீர்மானத்தில் மூன்று விடயங்கள் வெளிப்படையாக எழுதப்படட்டும்: கட்டும் செலவு யாரிடமிருந்து எந்த விகிதத்தில், மாதாந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு, எடுக்கும் தண்ணீர் எதற்குப் பயன்படும். கழிவறைக்கும் தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் என்று எழுதியிருந்தால், பிறகு எவரும் அதைக் குடிநீர்த் தாங்கியோடு இணைத்துவிட முடியாது. முகாமைக் கூட்டுத்தாபனம் பெயரளவில் மட்டும் இருக்கும் கட்டடங்கள் கொழும்பில் ஏராளம். உங்களுடையதும் அப்படியென்றால், தொடர்மாடிகளுக்குப் பொறுப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் போய் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 4: சேமிக்கும் பக்கத்து அனுமதி

மழைநீர் சேகரிப்புக்கு இங்கே சட்ட அடிப்படை உண்டு. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கை வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கான 2007ஆம் ஆண்டு 36ஆம் இலக்கத் திருத்தம் அதற்குச் சட்ட வலு தந்தது. 2009 ஏப்ரல் 17ஆம் திகதிய 1597/8 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் ஒழுங்குவிதிகள் வெளியாயின. புதிதாகக் கட்டுபவர் வரைபடத்திலேயே மழைநீர் ஏற்பாட்டைக் காட்டி, அதைக் கட்டி முடித்த பின்னரே, வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ் கேட்க வேண்டும். உங்கள் தொடர்மாடி அதற்குப் பின் கட்டப்பட்டதானால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். அதில் மழைநீர்த் தாங்கி ஒன்று வரையப்பட்டிருக்கலாம். அது எங்கே என்று கட்டியவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பழைய கட்டடத்தில் புதிதாகத் தாங்கியோ ஊறல் குழியோ அமைப்பவர்கள், "நிலத்துக்குக் கீழே செய்வதற்கு யார் கேட்பார்கள்?" என்கிறார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டம் அபிவிருத்தி வேலை என்று வரையறுப்பதில் நிலத்தின் மேலும், நிலத்துக்கு மேலாகவும், நிலத்துக்குக் கீழும் செய்யும் பொறியியல் வேலைகள் அடங்குகின்றன. ஆகவே மாநகர சபையின் திட்டமிடல் பகுதியில் எழுத்தில் கேளுங்கள். "அனுமதி தேவையில்லை" என்பதுதான் பதிலானாலும் அதையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: வளவின் அளவைப் படத்தின் மேல் வரைந்த தள வரைபடம், குழியின் குறுக்குவெட்டு, படி 2இன் ஊறல் அளவுகள், நிறைந்தால் வழிந்தோடும் தண்ணீர் எங்கே போகும் என்பதைக் காட்டும் கோடு. வரைபடத்தில் பட்டய அல்லது தகுதிபெற்ற பொறியியலாளரின் கையொப்பம் இருக்கட்டும். அத்திவாரத்துக்கு அருகே குழி தோண்டுவது விளையாட்டல்ல. உங்கள் சுவருக்கும் அயல் சுவருக்கும் இருக்க வேண்டிய தூரத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.

வளவு தாழ்நிலத்தில் இருந்தால் இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் வடிகால் இசைவையும் கேட்பார்கள். முன்கூட்டியே தொடங்குங்கள், மற்ற விண்ணப்பங்கள் இதற்காகக் காத்து நிற்கும்.

படி 5: நுளம்பும் சுகாதாரமும்

மழைநீர் என்று சொன்னதுமே கொழும்பில் எழும் முதற்கேள்வி டெங்கு. அது நியாயமான கேள்வி. 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, நுளம்பு பெருகும் நிலையில் வளவை வைத்திருந்தால் நீதிமன்றம் வரை போகலாம். ஆகவே வரைபடத்திலேயே காட்டுங்கள்: தாங்கியின் காற்றுக் குழாயிலும் வழிந்தோடும் குழாயிலும் நுண்வலை, இறுக மூடும் மூடி, இலைகளைத் தடுக்கும் கூடை, முதல் மழையை வெளியே தள்ளும் குழாய். 1,000 சதுர அடிக் கூரையில் முதல் ஒரு மில்லிமீற்றர் மழையே 93 லீற்றர். காகத்தின் எச்சமும் புகையும் தூசும் அதோடுதான் வருகின்றன. அந்தத் தண்ணீரை நிலத்துக்குள் விடவே கூடாது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வரைபடத்தோடு போய்ச் சந்தித்து, அவர் சொல்லும் திருத்தத்தைச் செய்து, பார்வையிட்டதாக ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்கள்.

கூரை நீரை நேரே குழாய்க்கிணற்றுக்குள் விடும் வேலையை யாராவது பரிந்துரைத்தால், மறுத்துவிடுங்கள். மண்ணின் வடிகட்டல் ஏதுமின்றி அழுக்கு ஆழத்துக்குப் போய்ச் சேரும். பிறகு அதை எடுக்க வழியில்லை. மணலும் சரளையும் இட்ட குழியூடாக ஆழமற்ற படைக்கு விடுவதே பாதுகாப்பு.

படி 6: எடுக்கும் பக்கத்து அனுமதி

நீர்வளச் சபை 1964ஆம் ஆண்டு 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது; 1999இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தலைமை அலுவலகம் கொழும்பு 7இல், ஹெக்டர் கொப்பேகடுவ மாவத்தையில் இருக்கிறது. நீர்நிலவியல் ஆய்வு, துளைத்தல், பம்புச் சோதனை, நீர்த்தரப் பரிசோதனை ஆகியவற்றையும் அவர்களே செய்கிறார்கள்.

ஒழுங்கு இதுதான். இடத்தின் விவரத்தோடும் நோக்கத்தோடும் முதலில் சபைக்கு எழுதுங்கள். மண்ணின் மின்தடையை அளக்கும் முறையில் நிலத்தைப் பரிசோதித்து, எங்கே, எவ்வளவு ஆழம் என்று அறிக்கை பெறுங்கள். சபையின் எழுத்து மூலமான அனுமதி கைக்கு வரும் வரை துளைக்கும் இயந்திரத்தை வாசலுக்குள் விடாதீர்கள். துளைப்பவர் சபையில் பதிவுபெற்றவரா என்று கேட்டுப் பதிவுப் பிரதியை வாங்குங்கள். "அனுமதி பிறகு எடுத்துக்கொள்ளலாம், நாளைக்கே துளைத்துத் தருகிறேன்" என்பவரிடம் வேலை கொடுப்பது, அயலாரின் கிணற்றைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

துளைத்த பின் பம்புச் சோதனை முடியும்வரை காசு முழுவதையும் கொடுக்க வேண்டாம். நிலையான வேகத்தில் பம்பு ஓடும்போது மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் மீளுகிறது என்ற இரு பதிவுகளும் வேண்டும். அதே நேரத்தில் அயல் கிணற்றிலும் வெண்கட்டி நாடாவை இறக்கி அளவெடுங்கள். உங்கள் நீர்மட்டக் கொப்பியும் அன்றைய அளவும் சேர்ந்தால், "தீங்கு வருமா" என்ற கேள்விக்கு முழு விடை கிடைத்துவிடும்.

கடற்கரையோரம் இருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் தாங்கும் என்பது நீண்டகாலச் சமநிலைக் கணக்கு. எதிர்ப்பக்கமாகப் பார்த்தால், நீங்கள் மட்டத்தை ஓர் அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால் உப்பு 40 அடி ஏற வழி திறக்கிறது. காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளில் ஆழமாகத் துளைத்துப் பெரிய பம்பு வைப்பது, ஒழுங்கை முழுவதற்கும் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்துவிடலாம். அங்கே ஆழமற்ற கிணறும், சிறிய பம்பும், கூரை மழையை மண்ணில் இறக்குவதும் சேர்ந்த ஏற்பாட்டுக்கே விண்ணப்பியுங்கள். சேமிப்பையும் எடுப்பையும் ஒரே கோப்பில் காட்டுவதன் பலன் இந்த இடத்தில்தான் முழுமையாகத் தெரியும்.

தண்ணீரைப் பரிசோதிக்கும்போது இலங்கையின் எஸ்.எல்.எஸ். 614 குடிநீர் நியமத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்: அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் 6.5 முதல் 8.5 வரை, குளோரைட்டு லீற்றருக்கு அதிகபட்சம் 250 மில்லிகிராம், நைத்திரேற்று 50, இரும்பு 0.3, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பக்டீரியா அறவே இருக்கக்கூடாது. கபொக் நிலத்துத் தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்தும் இரும்பு கூடியும் இருப்பது வழமை. வெள்ளைத் துணி மஞ்சளாவது அதனால்தான். நைத்திரேற்று உயர்ந்திருந்தால் அருகே கழிவுநீர் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, முதலில் அந்தக் கசிவைத் தேடுங்கள்.

கிணற்றுக் குழாயையும் நீர் வழங்கல் சபையின் குழாயையும் எந்த இடத்திலும் இணைக்கக்கூடாது. ஒரு வால்வு மட்டும் போதும் என்று குழாய்ப் பொருத்துநர் சொன்னாலும் ஏற்காதீர்கள். தனித் தாங்கி, தனி நிறக் குழாய், தனி அடையாளம்.

படி 7: கொடுப்பதும் பின்தொடர்வதும்

தமிழில் எழுதுங்கள். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. நடைமுறைக்காக ஒரு யோசனை: முதற்பக்கச் சுருக்கத்தை மட்டும் சிங்களத்திலும் இணையுங்கள். களத்துக்கு வரும் உத்தியோகத்தர் தமிழ் அறியாதவராக இருந்தால் வளவில் நின்றபடியே விடயத்தை விளங்கிக்கொள்வார்.

கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை. தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். பதில் வராவிட்டால் கோப்பிலக்கத்தைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பம் இப்போது யார் மேசையில், எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று அந்நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சண்டை பிடிக்கும் தொனி தேவையில்லை. கேள்வி துல்லியமாக இருந்தால் போதும்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மறுப்புக்குக் காரணம் இடமா, அளவா, நோக்கமா என்று பிரித்துப் பாருங்கள். அளவே சிக்கல் என்றால் சிறிய பம்பும் குறைந்த ஓட்ட நேரமும் காட்டி மீண்டும் விண்ணப்பிக்கலாம். இடமே தகாது என்றால் தாங்கியில் சேமிக்கும் வரைபடத்தோடு படி 4க்குத் திரும்புங்கள்.

அனுமதி கிடைத்த பின்

உள்ளே போகும் குழாயில் முடியாவிட்டாலும், வெளியே எடுக்கும் குழாயில் தண்ணீர் மானி ஒன்று கட்டாயம் பொருத்துங்கள். மாத முடிவில் மானி அளவையும் கிணற்று மட்டத்தையும் அதே கொப்பியில் எழுதுங்கள். அரிசோனாவில் அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் மார்ச் 31க்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இங்கே எவரும் கேட்காவிட்டாலும், ஆண்டுக்கொரு முறை ஒரு பக்கக் கணக்கை நீர்வளச் சபைக்கு அனுப்பி, பிரதியைக் கட்டடத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

ஏப்ரல் மழைக்கு முன் பீலியையும் குழியின் மேல் மணலையும் சுத்தம் செய்ய வேண்டும். படிந்த சேற்றை வழித்து எடுக்காவிட்டால் இரண்டு மூன்று பருவத்தில் குழி அடைத்துப்போகும். கடற்கரையோரம் என்றால் குளோரைட்டை ஒவ்வொரு வரட்சியிலும் பரிசோதியுங்கள். முந்திய ஆண்டைவிடத் தெளிவாக ஏறியிருந்தால் பம்பின் ஓட்ட நேரத்தை அன்றே குறையுங்கள். பம்பை மாற்றினாலோ, ஆழப்படுத்த நினைத்தாலோ, தண்ணீரை வேறு தேவைக்குத் திருப்பினாலோ பழைய அனுமதி அதற்குப் பொருந்தாது. சபைக்கு மீண்டும் எழுத வேண்டும். அயலார் கிணறு இறங்குகிறது என்று யாராவது வந்து சொன்னால், முதலில் பம்பை நிறுத்துங்கள், பிறகு இருவருமாக இரு கிணறுகளையும் அளந்து, அந்த அளவுகளை சபைக்கு அனுப்புங்கள்.